காற்றுக்கும் நிழலுக்கும் டிக்கெட்டா?

கோடை வந்தால் சென்னை நகரம் உலைக்களமாகிறது. 2003 மே 31 அன்று வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது. 2024-ல் தமிழக சர்க்காரே வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. பேரிடர்தான், மறுக்கவில்லை. ஆனால் யாருக்குப் பேரிடர்? குளிர்சாதன அறையில் உறங்கி, குளிர்சாதனக் காரில் போய்வரும் சீமான்களுக்கா? இல்லை! பகலெல்லாம் இயந்திரச் சூட்டில் வெந்து, இரவில் தகரக் கூரையின் கீழ் பெண்டாட்டி பிள்ளைகளோடு புழுங்கிப் புரளும் தொழிலாளிக்குத்தான் பேரிடர்!

அந்தத் தொழிலாளிக் குடும்பம் லீவு நாளில் ஒரு மரத்தடி கேட்கிறது. குழந்தைகள் ஓடியாடக் கொஞ்சம் மண்ணும் குடிக்கத் தண்ணீரும் கேட்கிறது. இது ஆடம்பரமா? அரிசியும் மருந்தும் எப்படித் தேவையோ, அப்படியே உழைத்துத் தேய்ந்த உடல் மீண்டும் உழைக்க ஓய்வும் காற்றும் தேவை. இந்தத் தேவைக்கு விலைச்சீட்டு கட்டித் தொங்கவிட்டிருப்பதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

கணக்கைப் பாருங்கள்!

2024 அக்டோபரில் சென்னை கதீட்ரல் சாலையில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. பரப்பு சுமார் 6 ஏக்கர். தனியார் பிடியிலிருந்த நிலத்தை சர்க்கார் மீட்டது சரி. அங்கே மாளிகை எழுப்ப விடாமல் பூங்கா அமைத்ததும் சரி, வரவேற்கிறோம். ஆனால் 46 கோடி ரூபாய் பொதுப் பணத்தில் அமைத்த அந்தப் பூங்காவின் வாசலில் அன்று வைத்த கட்டணம் என்ன? பெரியவருக்கு 100 ரூபாய், சிறுவருக்கு 50 ரூபாய். உள்ளே பறவைக் கூடத்தைப் பார்க்கத் தனியாக 150-ம் 75-ம்!

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் போகிறார்கள் என்று வையுங்கள். வாசலைத் தாண்ட 300 ரூபாய். பிள்ளைகளோடு பறவைகளைப் பார்க்க இன்னும் 450. ஆக 750 ரூபாய். பஸ் செலவும் கடலை வாங்கும் செலவும் தனி.

அதே 2024-25-ல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு மத்திய சர்க்கார் நிர்ணயித்த தினக்கூலி 319 ரூபாய். வெயிலில் ஏரி வெட்டிய விவசாயத் தொழிலாளி ஒரு நாள் கூலியைக் கொடுத்தால் வாசலைத் தாண்டலாம். மடியில் 19 ரூபாய் மிஞ்சும். பிள்ளைகளுக்குக் கிளி காட்ட வேண்டுமானால் இரண்டு நாள் கூலி போதாது. மூன்றாம் நாளும் மண்வெட்டி தூக்க வேண்டும்!

வண்டலூர் மிருகக்காட்சி சாலையில் பெரியவர் கட்டணம் 2023-ல் 115 ரூபாயிலிருந்து 200 ரூபாயாக ஏறியது. இது என்ன பூங்காவா, சினிமாக் கொட்டகையா?

மூன்று வாதங்கள், மூன்று பதில்கள்

'பராமரிக்கப் பணம் வேண்டாமா?' என்கிறார்கள். வேண்டும். அந்தப் பணத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம், ஐயா! சோப்பிலும் செருப்பிலும் பீடியிலும் வரி கொடுக்கிறோம். அந்தப் பூங்காவுக்குப் பக்கத்திலேயே அண்ணா மேம்பாலம் இருக்கிறது. அதற்குப் பராமரிப்புச் செலவு கிடையாதா? அதில் ஏறும் காரை நிறுத்தி யாராவது டிக்கெட் கேட்டதுண்டா? காரில் பறப்பவனுக்குப் பாலம் இலவசம். கால்நடையாக வருபவனுக்கு மரநிழல் விலைக்கா?

'இலவசமாக விட்டால் கும்பல் வந்து பாழாக்கிவிடும்' என்கிறார்கள். இது பணத்திமிர் பேசும் பேச்சு. குப்பைத் தொட்டியும் கழிப்பறையும் காவலாளும் போதிய அளவு இல்லாத இடம் பாழாகத்தான் செய்யும். சீமான்கள் வந்தாலும் பாழாகும். நகரத்தைத் தினமும் கூட்டிப் பெருக்குவது எங்கள் வர்க்கம். அந்த வர்க்கத்துக்கா சுத்தம் பற்றிப் பாடம் நடத்துகிறீர்கள்?

'ஏழைகளுக்கு மெரினா இருக்கிறதே' என்கிறார்கள். இருக்கிறது. காணும் பொங்கலன்று செங்கல்பட்டு, திருவள்ளூர் கிராமங்களிலிருந்தெல்லாம் வேன் பிடித்து ஜனங்கள் வந்து குவிகிறார்கள். ஆனால் சித்திரை வெயிலில் கைக்குழந்தையோடு அந்த மணலில் மாலைக்கு முன் கால் வைக்க முடியுமா? பக்கிங்காம் கால்வாய்க் கரையிலிருந்தும் கூவம் கரையிலிருந்தும் பெயர்த்தெடுத்துக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் தள்ளப்பட்ட குடும்பங்கள் எத்தனை பஸ் மாறி வர வேண்டும்? வடசென்னைக்காரன் கடற்கரை எங்கே போனது? துறைமுகம் கட்டியபின் தெற்கேயிருந்து வரும் மணல் தடுக்கப்பட்டது. மெரினா அகன்றது, ராயபுரம், காசிமேடு கரையைக் கடல் தின்றது. அங்கே இப்போது குழந்தை விளையாட மணல் இல்லை, கருங்கல்தான் கொட்டிக் கிடக்கிறது. மூட்டை தூக்கியவன் வடசென்னைக்காரன். அவனுக்குக் கிடைத்தது கொடுங்கையூர்க் குப்பைமேடும் எண்ணூர்ச் சாம்பலும்!

நிலம் இல்லையா?

நகரத்தில் இடமில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 1859-ல் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் 116 ஏக்கரில் மக்கள் பூங்கா என்றே பெயர் வைத்துத் திறந்தார்கள். பிறகு கட்டடமும் மார்க்கெட்டும் ரயில்வேயும் ஸ்டேடியமும் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கின. மிஞ்சியிருப்பது ஒரு மூலைதான்.

கிண்டியில் 160 ஏக்கர் நிலம் 1945-ல் 99 வருஷக் குத்தகைக்குக் குதிரைப் பந்தயத்துக்குப் போனது. குத்தகை பாக்கி 730 கோடி ரூபாயை வசூலிக்கும்படி 2023-ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 செப்டம்பரில் சர்க்கார் நிலத்தைக் கையகப்படுத்தியது. அங்கே பசுமைப் பூங்கா என்று அறிவித்தார்கள். நல்லது! ஆனால் குதிரைக்காரன் 730 கோடி பாக்கி வைத்த மண்ணில், கூலிக்காரன் கால் வைக்க 100 ரூபாய் கேட்கப் போகிறீர்களா? இப்போதே பதில் சொல்லுங்கள்!

ஓய்வும் போராடிப் பெற்றதே

தோழர்களே! பூங்கா திறந்திருந்தால் மட்டும் போதாது. போக நேரம் வேண்டும். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலை என்பது அந்நாளின் உயிர்க் கோரிக்கை. சரியாக நூறு ஆண்டுக்குப் பிறகு, 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்கள் ஒன்றாய் எழுந்தன; மசோதா வாபஸானது. அன்று சங்கங்கள் சும்மா இருந்திருந்தால், பிள்ளை விழித்திருக்கும்போது தகப்பன் முகம் பார்ப்பதே அரிதாகியிருக்கும், பூங்கா ஏது?

போராடினால் சுவர் விழும். 2021 முதல் சாதாரண நகர பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் சர்க்கார் கஜானா கவிழ்ந்துவிட்டதா? பஸ்ஸில் இலவசமாக வந்து இறங்கும் தாயைப் பூங்கா வாசலில் மறித்துக் காசு கேட்பது என்ன நியாயம்?

ஆகவே நமது கோரிக்கைகள் இவை:

1. பொது நிலத்தில் பொதுப் பணத்தில் அமைந்த எல்லாப் பூங்காக்களிலும் நுழைவுக் கட்டணத்தை ஒழி!

2. கிண்டி நிலத்தை டிக்கெட் இல்லாத மக்கள் பூங்காவாக்கு. தனியாருக்கு ஒரு கெஜமும் விடாதே!

3. வடசென்னையிலும் மறுகுடியமர்வுப் பகுதிகளிலும் நடந்து போகும் தூரத்தில் நிழலும் குடிநீரும் கழிப்பறையும் உள்ள பூங்கா அமை! நண்பகலில் பூட்டாதே!

4. லீவு நாட்களில் அப்பகுதிகளிலிருந்து கடற்கரைக்குக் கூடுதல் பஸ் விடு!

5. எட்டு மணி நேர வேலையிலும் வார விடுமுறையிலும் கை வைக்காதே!

ஆலை வாசலில், குடியிருப்பில், கிராமச் சாவடியில் இக்கோரிக்கைகளுக்குக் கையெழுத்து வாங்குங்கள். வார்டு கவுன்சிலரைக் கேளுங்கள். சட்டமன்ற உறுப்பினரைக் கேளுங்கள். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை பாறையைக் கெந்தித் தள்ளுகிறது. பூங்கா வாசல் அந்தப் பாறையைவிடக் கனமானதல்ல. கூடித் தள்ளுவோம்!