கல்லுக்குச் சான்றிதழ் இருக்கு, நுரையீரலுக்கு?

1/ மேலூர் பக்கத்துல இருந்து ஓபிக்கு வந்தார். ஐம்பது வயசு. ரெண்டு தடவை டிபி மாத்திரை முடிச்சவர், ரெண்டு தடவையும் சளியில கிருமி இல்லை. மூச்சிரைப்பு மட்டும் கூடிக்கிட்டே போகுது. "என்ன வேலைண்ணே பார்த்தீங்க?" "கிரானைட் குவாரியில டிரில்லு பிடிச்சேன் சார், பதினாலு வருசம்." பழைய ஃபைல் முழுக்கப் புரட்டினேன். இந்தக் கேள்வியை யாருமே கேட்கல.

2/ சிலிக்கோசிஸ். கல்லைத் துளைக்கையில் கிளம்பும் தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாக்கும். அதைப் பழையபடி மாற்ற மருந்து கிடையாது. டிபி வரும் வாய்ப்பையும் கூட்டும், அதனாலதான் ரெண்டையும் குழப்பிக்கிறோம்.

3/ உலகத்தில் விதிக்குப் பஞ்சமா? சுரங்கப் பாதுகாப்புக்கு ஐஎல்ஓவின் 176வது உடன்படிக்கை, 1995. ஆபத்துன்னா வேலையிடத்தை விட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு உண்டுன்னு அது சொல்லுது. இந்தியா அதை ஏற்கல. 2030க்குள் சிலிக்கோசிஸை ஒழிக்கணும்னு ஐஎல்ஓவும் உலக சுகாதார நிறுவனமும் இலக்கு வச்சிருக்காங்க. நம்ம ஓபிக்கு அந்தச் சேதி வரல.

4/ வாங்குற நாடுகளும் சும்மா இல்ல. இயற்கைக் கல் வணிகத்துக்கு நெதர்லாந்தில் 2019ல 'ட்ரூஸ்டோன்' ஒப்பந்தம். ஜெர்மனியில கல்லறைக் கல்லுக்குக் குழந்தைத் தொழிலாளர் இல்லைன்னு சான்று கேட்கிறாங்க. நல்லது, கேட்கட்டும். ஆனா தணிக்கைக்கு வர்றவர் அன்னைக்கு வேலையில இருக்கிற ஆளைத்தான் பார்ப்பார். இந்த நோய் வேலையை விட்ட பிறகும் வரும். வீட்டுத் திண்ணையில இருமுறவரை எந்தத் தணிக்கை தேடிப் போகுது?

5/ நம்ம யோக்கியதை மட்டும் என்ன? 2012ல கலெக்டர் சகாயம் அறிக்கை கொடுத்தப்போ ஊரே 16,000 கோடி இழப்புன்னு பேசிச்சு. பேசவேண்டியதுதான். ஆனா கனமீட்டரும் கோடியும் கேட்ட காதுக்கு, துளைச்சவன் நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுங்கன்னு எந்த டிவி விவாதத்திலும் கேட்கல.

6/ "அரிட்டாபட்டி டங்ஸ்டன் ரத்தாச்சே, விதிகள் வேலை செய்யுதே"ன்னு ஒரு நண்பர். அடப்போங்க சார். 2022ல பல்லுயிர் மரபுத் தலம்னு அரசாணை போட்ட இடமும் சேர்ந்த வட்டாரம்தான் 2024 நவம்பர்ல ஏலத்தில போச்சு. 2025 ஜனவரியில ரத்தானதுக்குக் காரணம் மேலூர்ல இருந்து மதுரைக்குக் கிளம்பி வந்த சனம்.

7/ குவாரியை மூடுன்னு சொல்லல, அதில சோறு தின்கிறவங்க இருக்காங்க. தண்ணி விட்டுத் துளை. வருசா வருசம் எக்ஸ்ரே எடு. ராஜஸ்தான் 2019 கொள்கையில நோய் உறுதியானா 3 லட்சம், இறந்தா குடும்பத்துக்கு 2 லட்சம். அதே மாதிரி ஒன்னு இங்கேயும் வேணும்.

8/ டாக்டர்களுக்கு: 2025 வரை அமலில் இருந்த சுரங்கச் சட்டம் 1952, பிரிவு 25. சுரங்கத்தில வேலை பார்த்தவருக்கு இந்த நோய்னு சந்தேகம் வந்தாலே, தலைமை ஆய்வாளருக்கு நாம எழுதணும்னு அது சொல்லிச்சு. நானே எத்தனை பேரை எழுதாம அனுப்பியிருக்கேனோ.

9/ இவருக்கு எழுத உட்கார்ந்தேன். குவாரி பேர் என்னண்ணே? சம்பளச் சீட்டு ஏதாச்சும் இருக்கா? "அதெல்லாம் எங்க சார் குடுத்தாங்க. மேஸ்திரி பேரு மட்டும் ஞாபகம் இருக்கு."