கப்பலும் டவுன் பஸ்தான்!

கப்பல்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? நீச்சல் குளம், டான்ஸ், வகைவகையான சாப்பாடு... அப்படின்னா உங்ககிட்டதான் பேசணும்.

1949-ல் ஓடத் தொடங்கிய 'கரோனியா' என்ற பச்சை வண்ணக் கப்பல், கோடைதோறும் வசதியான அமெரிக்கர்களை ஏற்றிக்கொண்டு நார்வேயின் வடமுனைக்குப் போகும். நள்ளிரவுச் சூரியனையும், மலைகளுக்கு நடுவே புகுந்து கிடக்கும் கடலையும் வேடிக்கை பார்த்துட்டுத் திரும்பணும். அதுதான் அதோட வேலை.

அதே காலத்தில் நம்ம 'ரஜுலா', சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் போனது. பாயும் தகரப்பெட்டியுமாகத் தளம் முழுக்கப் பிழைக்கப் போன ஜனம்!

பிறகு வந்த 'எம்.வி.சிதம்பரம்' 1985 தீ விபத்தோடு நின்றது. 2022-ல் சென்னையில் கொடியசைத்து அனுப்பியது எதை? நடுக்கடல் வரை போய்த் திரும்பும் சொகுசுக் கப்பலை!

'பயணிகள் கப்பல் விட்டால் லாபம் வராதே' என்பீர்கள். திட்டக்குடியிலிருந்து கிராமத்துக்குப் போகிற டவுன் பஸ் என்ன, லாபத்துக்கா ஓடுது? கரோனியா வேடிக்கை பார்த்த அதே நார்வே கரையில், 1893 முதல் ஊர் ஊராக நின்று போகும் கப்பல் இருக்கிறது. உள்ளூர்க்காரர், சரக்கு, சுற்றுலாப் பயணி எல்லாம் ஒரே கப்பலில். அதற்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது.

இங்கே? நாகை-காங்கேசன்துறை கப்பலை 2023 அக்டோபரில் விட்டார்கள். சில நாளில் நிறுத்தினார்கள். மறுபடி கிளம்ப 2024 ஆகஸ்ட் ஆனது. டவுன் பஸ்ஸை இப்படி நிறுத்தியிருந்தால் மறியல் பண்ணியிருப்போம். கப்பலுக்கு மட்டும் ஏன் சார் வாயை மூடிக்கொண்டோம்?