காஞ்சிக்குத் தனியாக

ராஜகீழ்ப்பாக்கத்துக்குக் காஞ்சீபுரம் ஒன்றும் காசி தூரம் இல்லை. தாம்பரத்தில் ரயில் ஏறினால் செங்கற்பட்டு வழியாகக் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. எங்கள் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் அங்கேதான் பட்டு எடுப்பது வழக்கம். நானும் பத்துத் தடவையாவது போயிருப்பேன். ஆனால் ஒன்று சொன்னால் சிரிப்பீர்கள்: போன மாதம் வரையில் ஜவுளிக் கடையைத் தவிர அந்த ஊரில் நான் எதையுமே பார்த்ததில்லை!

"தனியாகப் போய் ஊரைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன்" என்றதும் அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஞாயிற்றுக்கிழமை தம்பி வரட்டுமேடி!" என்றாள். முப்பத்தைந்து வயதில், சம்பாதிக்கிற பெண்ணுக்கு, காஞ்சீபுரம் போகத் தம்பி துணை! சிரித்துக்கொண்டேதான் புறப்பட்டேன். ஆனால் ரயிலில் உட்கார்ந்ததும் எனக்கும் வயிற்றில் கொஞ்சம் புளியைக் கரைத்தது.

"பட்டுக் கடைக்குத்தானேம்மா?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்லை, கைலாசநாதர் கோயிலுக்கு."

"கூட யாரும் வரலியா?"

இந்தக் கேள்வியை அன்று நாலு பேர் கேட்டார்கள். நாலாவது தடவை எனக்குக் கூச்சம் போய்விட்டது.

எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய மணற்கல் கோயில் அது. பிராகாரத்தைச் சுற்றிலும் 58 சிறு சந்நிதிகள். வாசலில் வரிசையாக நிற்கும் குட்டிக் கோயில்களில் ஒன்றைக் கட்டியவள் அவனுடைய ராணி ரங்கபதாகை என்று கல்வெட்டு சொல்கிறது. "நேரமாச்சு, கிளம்பு" என்று துரிதப்படுத்த ஆளில்லை. அந்த ராணியின் கோயில் முன்பு மனம்போல நின்றேன்.

பிறகு, ஸ்டேஷன் பக்கம் இருக்கும் வைகுந்தப் பெருமாள் கோயில். பிராகாரச் சுவர் முழுவதும் பல்லவர் சரித்திரத்தைச் சிற்பமாகவே செதுக்கி வைத்திருக்கிறார்கள். 731-ஆம் ஆண்டு வாக்கில் அரசன் வாரிசில்லாமல் இறந்துபோனான். பெரியவர்கள் தூரதேசம் சென்று, பல்லவக் கிளை மரபினனான இரணியவர்மனிடம் ஒரு பிள்ளையைக் கேட்டார்கள். மூத்த பிள்ளைகள் மறுத்துவிட்டார்கள். 12 வயதுக் கடைக்குட்டி தான் போவதாகச் சொன்னான். தகப்பனுக்கோ அனுப்ப மனமில்லை. ஆனாலும் மலையும் ஆறும் காடும் கடந்து பையன் காஞ்சிக்கு வந்து சேர்ந்தான். இரண்டாம் நந்திவர்மனாக அறுபது வருஷத்துக்கு மேல் ஆண்டான். இந்தக் கோயிலைக் கட்டியவனும் அவனே.

அந்தச் சுவரைப் பார்த்தபோது என் ரயில் பயம் நினைவுக்கு வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. தயங்கிய அந்தத் தகப்பனைப் பார்த்தபோதோ, அம்மாவின் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

இருட்டுவதற்குள் வீடு திரும்பினேன். "புடவை எங்கே?" என்றாள் அம்மா. வாங்கவில்லை என்று சொல்லி, அந்தப் பையனின் கதையைச் சொன்னேன். அம்மா வெகுநேரம் பேசவில்லை.

"எத்தனையோ தடவை போயிருக்கேன். அந்தக் கோயில் வாசலை மிதிச்சதில்லையே" என்றாள் மெதுவாக. பிறகு, "எத்தனை மணிக்கு நடை சாத்துவா?" என்று கேட்டாள்.

மத்தியானம் சாத்திவிடுவார்கள். நீங்கள் போவதானால் காலை ரயிலிலேயே கிளம்பிவிடுங்கள். புடவையை இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம்!