பெயர் மறைத்த கேள்வி

தமிழில் 'கேள்வி' என்னும் சொல் இருபொருள் தருவது. வினவுதலும் கேள்வி, செவியால் கேட்டறிதலும் கேள்வி. திருக்குறளின் 42ஆம் அதிகாரம் இரண்டாம் பொருளிலேயே அப்பெயர் பெற்றது. இவ்விரு பொருளும் ஒருசேரப் பொருந்தும் ஒரு விளையாட்டு மேலைச் செவ்வியல் இசை நேயரிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. பெயர் சொல்லாமல் ஓர் இசைப்படைப்பின் சிறு துண்டைப் பத்து அல்லது இருபது நொடி ஒலிக்கச் செய்வர். இயற்றியவர் யார், படைப்பு எது, அதன் எப்பகுதி என்று கேட்டவர் கூறுதல் வேண்டும். வெறும் பொழுதுபோக்கெனத் தோன்றும் இவ்விளையாட்டில், தமிழ் பயில்வோரும் பயிற்றுவிப்போரும் எண்ணிப் பார்க்கத்தக்க கல்வியுண்மை ஒன்று பொதிந்துள்ளது என்பது என் துணிபு.

அமெரிக்க இசைக் கல்லூரிகளில் இது தேர்வாகவே நடந்து வந்தது. ஆசிரியர் சுழலும் இசைத்தட்டின் இடையே ஏதேனும் ஓரிடத்தில் முள்ளை இறக்குவார். சில நொடிகளில் எடுத்துவிடுவார். மாணவர் விடையெழுத வேண்டும். 'முள்ளிறக்கும் தேர்வு' என்னும் பொருள்படவே அதற்குப் பெயர் அமைந்தது. இசைத்தட்டு போய்க் குறுந்தகடும் கணினியும் வந்த பின்னரும் அப்பெயர் நிலைத்துவிட்டது. இங்கிலாந்தில் பி.பி.சி. தொலைக்காட்சி 1967இல் 'ஃபேஸ் தி மியூசிக்' என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. அதை நடத்திய ஜோசப் கூப்பர் என்னும் பியானோக் கலைஞர் ஓசையெழாத பியானோக் கட்டைகளின் மீது விரல்களை ஓட்டுவார்; விரலோட்டத்தைக் கண்டே படைப்பைச் சொல்ல வேண்டும். வேறொரு சுற்றில், யாவரும் அறிந்த மெட்டொன்றைப் பேரிசைஞர் ஒருவரின் பாணிக்குள் ஒளித்து வாசிப்பார்; மெட்டையும் பாணியையும் பிரித்தறிந்து கூற வேண்டும். அந்நிகழ்ச்சியில் பங்கேற்ற ராபின் ரே என்பார், படைப்பின் பட்டியல் எண்ணையும் உடன் சொல்லும் நினைவாற்றலுக்குப் புகழ்பெற்றவர்.

இதனை நினைவாற்றலின் வேடிக்கை என்று ஒதுக்குவாரும் உளர். தேர்ந்த நேயர் விடையை அணுகும் வழியை உற்று நோக்கின் அக்கூற்றுப் பொருந்தாமை விளங்கும். அவர் முதலில் தேடுவது பெயரையன்று, காலத்தை. ஹார்ப்சிகார்டு என்னும் கம்பிக்கருவி அடியொலியோடு விடாது தொடருமாயின், அது பெரும்பாலும் 1750க்கு முற்பட்ட பாக், ஹேண்டல், விவால்டி ஆகியோர் காலத்தது எனலாம். இசைக்குழுவில் கிளாரினெட் ஒலி கேட்குமாயின், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு இப்பால் வந்துவிட்டோம் என்று கொள்ளலாம். சம இடைவெளி கொண்ட முழுத்தொனி வரிசை மிதந்து வந்தால், பிரெஞ்சு இசைஞர் டெபுசியின் பெயர் முன்னே நிற்கும். பெருமுழக்கம் சட்டென அறுந்து, மௌனத்திற்குப் பின் வேறொரு பொருள் தொடங்குமாயின், ஆஸ்திரியாவின் புரூக்னராக இருத்தல் கூடும். காலம், நாடு, கருவி, நடை என்று ஒவ்வொன்றாக விலக்கி விலக்கி நெருங்குவதே முறை. மனப்பாடம் செய்தவனுக்கு இது கைகூடாது. பலகாலும் கருத்தூன்றிக் கேட்டவனுக்கே கைகூடும்.

ஆதலின் இவ்விளையாட்டில் பிழைக்கும் தரமுண்டு. ஹைடனின் படைப்பைக் கேட்டு மொசார்ட் என்றவன், வீட்டு வாசல்வரை வந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியவன். விவால்டியைக் கேட்டு வாக்னர் என்றவனோ ஊரையே தப்பியவன். இருவருக்கும் சுழியம் என்று மதிப்பெண் இடுபவர், அளக்க வேண்டியதை அளக்கத் தவறியவராவார்.

இனி, பெயரை மறைப்பதன் பயன் யாது என்று நோக்குவோம். மொசார்ட்டின் சிம்பொனிகளுள் 37ஆம் எண் பெற்ற ஒன்றிருந்தது. அதன் மெதுவான முன்னுரைப் பகுதி மட்டுமே மொசார்ட் எழுதியது. எஞ்சியது ஹைடனின் தம்பி மைக்கேல் ஹைடனுடையது என்பது 1907இல் புலனாயிற்று. இன்று அப்படைப்பு அரங்குகளில் அரிதாகவே ஒலிக்கிறது. அதில் ஒரு சுரமும் மாறவில்லை. மாறியது பெயர் ஒன்றே. வயலின் மேதை ஃபிரிட்ஸ் கிரைஸ்லர், புன்யானி, கூப்பரன் முதலிய பழைய இசைஞர்களின் படைப்புகள் என்று தாம் வாசித்து வந்தவற்றுள் பல தாமே இயற்றியவை என்று 1935இல் வெளிப்படுத்தினார். அவற்றைப் பழமையின் அழகென்று போற்றியிருந்தோர் திகைத்தனர்; திறனாய்வாளர் சிலர் சினந்தனர். அவர்கள் செவி முன்பு கேட்டது எதனை? இசையையா, பெயரையா?

இதனினும் கூர்மையான சான்று ஜாய்ஸ் ஹாட்டோ என்னும் ஆங்கிலப் பியானோக் கலைஞரின் பெயரால் வெளிவந்த பதிவுகள். நோயுற்று மேடையினின்று விலகியிருந்த அவர் பெயரில் நூற்றுக்கு மேற்பட்ட குறுந்தகடுகள் வெளியாயின. திறனாய்வாளர் பலர் வியந்து பாராட்டினர். அவர் 2006இல் மறைந்தார். 2007இல் நேயர் ஒருவர், அவர் வாசித்ததாகச் சொல்லப்பட்ட லிஸ்ட்டின் படைப்பு அடங்கிய குறுந்தகட்டைத் தம் கணினியில் இட்டார். லாஸ்லோ சைமன் என்னும் வேறொரு கலைஞரின் பெயரைக் கணினி காட்டிற்று. தடங்களின் கால அளவை ஒப்பிட்டே அது அப்பெயரைக் கூறியது. வல்லுநர் ஒலியலைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, பிறர் பதிவுகளே அவர் பெயரில் விற்கப்பட்டமை உறுதியாயிற்று. குறுந்தகடுகளை வெளியிட்ட அவர்தம் கணவர் பின்னர் அதனை ஒப்புக்கொண்டார். மூலக் கலைஞரின் பெயரில் வந்தபோது குறைகூறப்பட்ட பதிவொன்று, ஹாட்டோவின் பெயரில் வந்தபோது அதே திறனாய்வாளரால் உயர்த்திப் பேசப்பட்டது என்பதும் அப்போது வெளிவந்தது. கணினிக்கு எந்தப் பெயரின்மீதும் பற்றில்லை. அதனால் அது ஏமாறவில்லை.

அவ்வாறாயின் கண்டறியும் பணியைக் கருவியிடமே விட்டுவிடலாமே என்று வினவலாம். 2002இல் பிரிட்டனில் ஷசாம் என்னும் சேவை தொடங்கிற்று. 2580 என்னும் எண்ணை அழைத்துக் கைப்பேசியை இசைக்கு நேரே பிடித்தால், பாடலின் பெயர் குறுஞ்செய்தியாக வந்து சேரும். இன்று அது கைப்பேசிக்குள்ளேயே அமைந்த செயலியாகிவிட்டது. எந்த நொடியில் எந்த அதிர்வெண் ஓங்கி நிற்கிறது என்னும் புள்ளிகளை எடுத்து, கைரேகை போன்றதோர் அடையாளத்தை உண்டாக்கி, தன் சேமிப்பிலுள்ள பதிவுகளோடு அது ஒப்பிடுகிறது. வியத்தகு திறனே. எனினும் அது அறிவது பதிவை, படைப்பையன்று. அதே சிம்பொனியை ஓர் இசைக்குழு இன்று மாலை அரங்கில் புதிதாக வாசிக்குமாயின், அந்த வாசிப்பு அதன் சேமிப்பில் இல்லை. தேர்ந்த செவியோ, எவர் வாசிப்பினும் படைப்பை அடையாளம் காணும். முன்பு கேளாத படைப்பாயினும் இன்ன காலத்தது, இன்னார் வழியது என்று ஓரளவேனும் சொல்லும். கருவி பெயரைத் தரும். பெயரை நோக்கி நடந்த நடையை அது நமக்குத் தாராது. அந்நடையே பயிற்சி.

இவ்விடத்தில் நம் வகுப்பறைக்கு வருவோம். 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்னும் வினாவைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். ஓரடி தரப்படும்; அது எந்நூலில், யார் கூற்றாக, எச்சூழலில் வருவது என்று எழுதுதல் வேண்டும். முள்ளிறக்கும் தேர்வின் உடன்பிறப்பே இது. ஆனால் நடைமுறையில் என்ன நிகழ்கிறது? இன்னின்ன அடிகள் வரும் என்று வழிகாட்டி நூல்கள் முன்னரே அச்சிட்டுத் தருகின்றன. மாணவர் அடிக்கு நேரே பெயரை மனனம் செய்கின்றனர். விடைத்தாளில் நூற்பெயர் பிழையின்றி அமைகிறது; பாட்டோ படிக்கப்படாமலே கிடக்கிறது. அடியைக் கண்டதும் பெயரைச் சொல்லும் அளவோடு நிற்குமாயின், அப்பணியைக் கைப்பேசி நம்மினும் விரைந்து செய்யும். பின்னர் மாணவர் எதற்கு, ஆசிரியர் எதற்கு?

பெயரை விடப் பாட்டே பெரிது என்பதற்குச் சான்று நம்மிடமே உண்டு. குறுந்தொகையில் சில புலவர்களின் இயற்பெயர் மறைந்துவிட்டது. செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார் என்று அவர்தம் பாட்டின் சொற்றொடரே அவர்க்குப் பெயராயிற்று. பெயரறியாத பாட்டைத் தொகுத்தவர் தள்ளவில்லை. பாட்டைப் படித்துப் பெயரிட்டனர். பெயரைப் படித்துப் பாட்டை மதிக்கும் இக்காலப் போக்குக்கு அது நேர்மாறு.

எனவே அவ்வினாவை நீக்கிவிட வேண்டும் என்பாரோடு நான் உடன்படேன். அதனைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பேன். பாடத்தில் இல்லாத பாட்டொன்றைப் பெயரின்றித் தருவோம். அகமா புறமா, எவ்வகை யாப்பு, எக்காலத்துச் சொல்வழக்கு, எதனால் அவ்வாறு கருதுகிறாய் என்று வினவுவோம். விடைக்கு ஒரு பங்கு மதிப்பெண்ணும், காரணத்திற்கு மூன்று பங்கும் அளிப்போம். பல்கலைக்கழகத் தேர்வில் இது உடனே இயலாதாயின், துறையளவில் திங்கள்தோறும் ஒரு மணிநேரம் ஒதுக்கினும் போதும். ஆசிரியரும் மாணவரோடு அமர்ந்து விடை தேடட்டும். பாட்டைத் தெரிவு செய்தவர் மட்டும் வாய்திறவாதிருக்கட்டும். பேராசிரியர் தவறுவதும் முதலாண்டு மாணவர் சரியாகச் சொல்வதும் அங்கு நிகழும். அதனால் ஆசிரியரின் மதிப்புக் குன்றாது. பாட்டின் மதிப்பே ஓங்கும்.

பெற்றோர்க்கும் பெரியோர்க்கும் ஒரு சொல். பிள்ளை வீடு திரும்பியதும் எத்தனை மதிப்பெண் என்று கேட்கிறோம். இனி ஒருநாளேனும், இன்று எதைப் படித்தாய், அதில் எதைக் கண்டாய் என்று கேட்போம். மாணவச் செல்வங்களுக்கும் ஒரு சொல். பெயர் தெரியாத நல்ல இசையோ நல்ல பாட்டோ எதிர்ப்படும்போது, கைப்பேசியை எடுக்குமுன் ஒருமுறை முழுமையாகக் கேளுங்கள். இது யாருடையதாக இருக்கலாம் என்று நீங்களே ஒரு விடை கூறிப் பாருங்கள். அதன்பின் கருவியிடம் கேளுங்கள். விடை பொருந்தினும் பொருந்தாவிடினும், அடுத்த முறை உங்கள் செவி இன்னும் சிறிது கூர்மையாகக் கேட்கும். கல்வியின் வளர்ச்சி என்பது அவ்வளவே.