கைராசியைக் குறை சொல்லாதீர்கள், சன்னலைப் பாருங்கள்

துளசிச் செடி பட்டுப்போனால் நம் வீடுகளில் இரண்டு பேச்சு எழும். "இந்த வீட்டுக்குத் துளசி ஆகாது" என்பது ஒன்று. "அம்மாவுக்குக் கைராசி இல்லை" என்பது மற்றொன்று. தோட்டப்புற வீட்டு வாசலில் புதராக வளர்ந்த அதே செடி, கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஏழாவது மாடிக்கு வந்ததும் சில வாரங்களில் இலையை உதிர்த்துவிடுகிறது. தினமும் தண்ணீர் ஊற்றியவர் மீது பழி விழுகிறது. இந்தப் பழி நியாயமற்றது என்பது என் கருத்து. அந்தத் தொட்டி இருந்த இடத்தில் வெளிச்சம் எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்கத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். அறிவியல் படிக்கும் மாணவர்களாகிய நீங்கள்தான் அவர்கள்.

"எங்கள் வீட்டில்தான் நல்ல வெளிச்சமாக இருக்கிறதே" என்று தோன்றலாம். நம் கண் இதில் நம்பத்தகுந்த சாட்சி இல்லை. வெளிச்சம் குறைந்தால் கண்மணி விரிகிறது, விழித்திரையும் அதற்கேற்ப மாறிக்கொள்கிறது. அதனால் பெரிய வித்தியாசமும் நமக்குச் சிறிதாகத் தெரிகிறது. உச்சி வெயிலில் திறந்தவெளியின் வெளிச்சம் ஏறத்தாழ 100,000 லக்ஸ். மேகம் மூடிய பகலில் வெளியே 10,000 லக்ஸ் அளவுக்கு இருக்கும். விளக்கு எரியும் வரவேற்பறையில் பெரும்பாலும் 100 முதல் 200 லக்ஸ்தான். புத்தகம் படிக்க நமக்கு அது போதும். உச்சி வெயிலோடு ஒப்பிட்டால் அது ஐந்நூறில் ஒரு பங்குக்கு மேல் இல்லை.

செடிக்கு இது ஏன் உயிர்ப் பிரச்சினை? ஒளி கிடைக்கும்போது செடி ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரையைச் சேர்க்கிறது. சுவாசத்துக்காக இரவும் பகலும் அதைச் செலவழிக்கிறது. ஒரு குறிப்பிட்ட ஒளி அளவில் வரவும் செலவும் சமமாகும். அதுதான் ஐந்தாம் படிவ உயிரியலில் வரும் ஈடுசெய் புள்ளி. அந்த அளவுக்குக் கீழே வைக்கப்பட்ட செடி சேமிப்பை எடுத்துச் சாப்பிடுகிறது. சேமிப்பு தீரும் வரை பச்சையாகத்தான் இருக்கும். வாங்கி வந்த முதல் மாதம் நன்றாக இருந்த செடி இரண்டாம் மாதம் சரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, எந்த இடம் நல்ல இடம்? இணையத்தில் தேடினால் "தெற்கு நோக்கிய சன்னலே சிறந்தது" என்ற பதில் திரும்பத் திரும்ப வரும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருப்பவர்களுக்கு அது சரியான பதில். அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கே நிற்கிறது. கோலாலம்பூரோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகை அளவில்தான் இருக்கிறது. மார்ச் கடைசி வாரத்திலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. இடைப்பட்ட ஐந்தரை மாதம் உச்சிச் சூரியன் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். மீதி மாதங்களில் தெற்கே சாய்ந்திருக்கும். ஜூன் மாதம் திடலில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள், உச்சிப்பொழுதில் அதன் நிழல் தெற்கு நோக்கி விழும்.

இதிலிருந்து இன்னொரு முடிவும் வருகிறது. உச்சிச் சூரியன் இவ்வளவு உயரத்தில் இருப்பதால் மேல்மாடியின் தளமே நமக்குக் குடையாகிவிடுகிறது. வடக்கு நோக்கிய பால்கனியின் உயரம் 2.5 மீட்டர் என்றால், ஜூன் மாத உச்சி வெயில் விளிம்பிலிருந்து 1 மீட்டர்கூட உள்ளே வராது. வரவேற்பறைக்குள் நேர் வெயிலைக் கொண்டுவருவது காலையிலும் மாலையிலும் தாழ்வாக நிற்கும் சூரியன்தான். ஆகவே நம் ஊரில் வடக்கா தெற்கா என்பதைவிட, கிழக்கா மேற்கா என்பதே முக்கியமான கேள்வி.

இரண்டில் நான் கிழக்குக்கே வாக்களிப்பேன். காலை வெயில் இதமானது, காற்றும் சூடேறியிருக்காது. கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை மேகம் திரள்வது பெரும்பாலும் பிற்பகலில் என்பதால், காலை வெயிலை நம்பலாம். மேற்குச் சன்னலுக்கு வரும் வெயில் கடுமையானது. இங்கே கடிகாரமும் நம்மை ஏமாற்றும். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டது. அதனால் கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அன்று, ஏறத்தாழ 1.15 மணிக்கு. மேற்கு வெயில் அதற்குப் பிறகு தொடங்கி ஏழு மணி வரை நீடிக்கும். மென்மையான இலைகள் அதில் கருகும்; துளசியும் கறிவேப்பிலையும் தாங்கும்.

திசைகாட்டி மட்டும் போதாது. கிழக்கு நோக்கிய சன்னலுக்கு எதிரே இன்னொரு 30 மாடிக் கட்டடம் நின்றால் கிழக்கு என்பது பெயருக்குத்தான். அதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. செடியின் இலை இருக்கப்போகும் உயரத்தில் உங்கள் கண்ணை வைத்துப் பாருங்கள். வானம் எவ்வளவு தெரிகிறது? கையை விரித்து மறைக்கும் அளவுக்கு வானம் தெரிந்தால் ஓரளவு நல்ல இடம். வானமே தெரியாமல் எதிர்ச் சுவர் மட்டும் தெரிந்தால், அறை எவ்வளவு வெளிச்சமாகத் தோன்றினாலும் அது செடிக்கு இருட்டு. அடுத்து, பகலில் ஒரு வெள்ளைத் தாளை அங்கே வைத்து, அதற்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். நிழல் கூர்மையாக விழுந்தால் வலுவான ஒளி. மங்கலாக விழுந்தால் நடுத்தரம். நிழலே விழாவிட்டால் அந்த இடத்தை அலங்காரப் பொருளுக்கு விட்டுவிடுங்கள்.

இடத்தை அறிந்த பிறகுதான் செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாம் தலைகீழாகச் செய்கிறோம். செடியை வாங்கிவிட்டு, எங்கே வைத்தால் அழகு என்று யோசிக்கிறோம். துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் ஒரு நாளுக்கு ஐந்தாறு மணி நேர நேர் வெயில் வேண்டும். கற்பூரவல்லியும் பாண்டானும் பாதி நிழலில் பிழைக்கும். மணி பிளாண்டும் பாம்புச் செடியும் சன்னலிலிருந்து சற்றுத் தள்ளியும் தாங்கும். வெற்றிலை நிழலை விரும்பும் கொடி. தமிழ்நாட்டு விவசாயிகள் கொடிக்காலில் முதலில் அகத்தியை வளர்த்து, அதன் மீதுதான் வெற்றிலையைப் படரவிடுவார்கள். அகத்தி கொடிக்குத் தூணாகவும் இருக்கும், குடையாகவும் இருக்கும். லக்ஸ் மானி இல்லாத காலத்திலேயே செடிக்கேற்ற வெளிச்சத்தைத் தேர்ந்தவர்கள் அவர்கள். முற்றத்தில் துளசிமாடம் கட்டியவர்களும் அப்படித்தான். முற்றத்துக்கு மேலே திறந்த வானம் இருந்தது. வானமில்லாத அறை மூலையில் அதே துளசியை வைத்துவிட்டு அது வாழவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை.

சுங்கை பூலோ நாற்றங்கால்களில் செடி வாங்கியிருப்பீர்கள். அங்கே பல செடிகள் கறுப்பு நிழல்வலைக்குக் கீழே வளர்கின்றன. அந்த நிழலும் நம் வரவேற்பறையைவிடப் பல மடங்கு வெளிச்சமானது. அதனால் வாங்கி வந்த செடியை முதலில் சன்னலோரம் வையுங்கள். பிறகு மெல்ல மெல்ல உள்ளே நகர்த்துங்கள். தண்டு நீண்டு, இலைகள் இடைவெளி விட்டு, செடி சன்னலை நோக்கிச் சாய்ந்தால் அது வெளிச்சம் கேட்கிறது என்று பொருள். செடி ஒளியை நோக்கி வளைவதைச் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் ஆராய்ந்து 1880இல் நூலாகவே வெளியிட்டார்கள். நாமோ அந்தச் சாய்வைப் பார்த்ததும் இன்னும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுகிறோம். வெளிச்சம் குறைந்த செடி தண்ணீரையும் குறைவாகவே உறிஞ்சும். ஈரம் தேங்கிய மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காது, வேர் அழுகும். தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசுவும் பெருகும். டிங்கி அதிகம் உள்ள சிலாங்கூரில் அந்தத் தட்டை வாரம் ஒரு முறையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுவது கட்டாயம்.

"வெளிச்சம்தானே வேண்டும், பால்கனிச் சுவரின் மேலே வைத்துவிட்டால் போயிற்று" என்று சிலர் சொல்வார்கள். கூடாது. 2018 ஜனவரியில் பந்தாய் டாலாமின் மக்கள் வீடமைப்பு அடுக்குமாடி ஒன்றில், மேலிருந்து விழுந்த நாற்காலி ஒரு 15 வயது மாணவரின் உயிரைப் பறித்தது. மண் நிறைந்த தொட்டியும் அதே வேலையைச் செய்யும். தொட்டி சுவருக்கு உட்புறம், உறுதியான தாங்கியில்தான் இருக்க வேண்டும். வீட்டு வாசலுக்கு வெளியே உள்ள பொது நடைபாதையும் தீ விபத்தின்போது எல்லாரும் தப்பி ஓடும் வழி. அதைத் தொட்டிகளால் அடைக்கக் கூடாது.

அப்படியானால், மூன்று பக்கமும் கட்டடம் சூழ்ந்த சிறிய வீட்டில் வாழும் குடும்பம் துளசியை மறந்துவிட வேண்டுமா? இதில் அடுக்குமாடி நிர்வாகங்களுக்கும் பொறுப்பு உண்டு என்பேன். வாகன நிறுத்துமிடத்துக்குக் கோடு போடும் நிர்வாகம், வெயில் படும் ஒரு மூலையைக் குடியிருப்பாளர்களின் செடிகளுக்கென ஒதுக்கித் தரலாம். பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்தில், பங்சாரில், மின்கம்பித் தடத்தை ஒட்டிய சரிவு நிலமே கெபுன்-கெபுன் பங்சார் என்ற சமூகத் தோட்டமாகியிருக்கிறது. ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பத்துத் தொட்டிக்கு இடம் தருவது அதைவிடக் கடினமான வேலை இல்லை.

கோரிக்கை வைக்கக் கையில் தரவு வேண்டும். இந்தச் சனிக்கிழமை காலை 9 மணி, மதியம் 1 மணி, மாலை 5 மணி என மூன்று முறை வீட்டின் ஒவ்வொரு சன்னலையும் பால்கனியையும் பாருங்கள். திசை, தெரியும் வானம், நிழலின் கூர்மை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறியுங்கள். வடக்கும் தெற்கும் மாறும் என்பதால் டிசம்பரிலும் ஜூனிலும் இதை மறுபடி செய்யுங்கள். கட்டடத்தின் கீழே வெயில் விழும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை செடி வாங்கக் கிளம்பும்போது அந்தத் தாளை அம்மாவிடம் கொடுங்கள்.