தோட்டத்துக்கு வந்த ரேடியோ

ஜப்பான்காரன் போன பிறகு, 1946 ஏப்ரல் முதல் தேதி ரேடியோ மலாயா தோன்றியது. அன்று நாடு கிடந்த கிடப்பைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சயாம் ரயில் பாதைக்குப் போனவர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. லயங்களில் அரிசியுமில்லை, துணியுமில்லை. அந்த வேளையில் காற்றில் தமிழ் கேட்டதே பெரிய காரியம். அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் ரேடியோப் பெட்டி தோட்டத்துக்குள் வந்த விதம் வேறு. 1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. காட்டிலிருந்தவர்களின் பேச்சுக்குத் தொழிலாளி செவி கொடுத்துவிடுவானோ என்று சர்க்கார் கவலைப்பட்டது. ஆகவே தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பலர் கூடிக் கேட்கும் பொது ரேடியோக்கள் வைக்கப்பட்டன. பால் வெட்டி, நிறுத்துக் கொடுத்து, குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவனுக்குப் பாட்டு கிடைத்தது, செய்தி கிடைத்தது, சர்க்காரின் புத்திமதியும் தாராளமாகக் கிடைத்தது. பதில் சொல்லத்தான் வழியில்லை.

பதில் சொல்லத் தெரியாதவனா அவன்? 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் கேட்டார்கள். துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். (கிராணிமார் கோபிக்க வேண்டாம், அது அந்தக் காலம்!) நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர்கள் பலியாயின.

இன்று நமக்கு மின்னல் எப்.எம். இருக்கிறது; அது அரசாங்கத்துடையது. ராகா இருக்கிறது, அது வியாபார நிறுவனத்துடையது. இரண்டையும் விரும்பியே கேட்கிறோம். ஆயினும் லயத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்த குடும்பமோ, பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் வாடகைக்குத் திண்டாடும் முன்னாள் தோட்டத்தாரோ, தாங்களே நடத்திப் பேசும் நிலையம் எது?

நம் முன்னோர் பலர் கப்பலேறிய நாகப்பட்டினத்துச் சீமையைப் பாருங்கள். 2004 சுனாமி அடித்த அந்த மாவட்டத்தில், விழுந்தமாவடி கிராமத்தில் களஞ்சியம் என்ற சமூக வானொலி நடத்தினார்கள். 2006ல் தொண்டு அமைப்புகளுக்கும் இந்திய அரசாங்கம் கதவைத் திறந்துவிட்டதால் வந்த பலன் இது. அங்கே விதி பொதுவாக அனுமதிக்கும் சக்தி 100 வாட்தான். சுற்றுவட்டார ஊர்களுக்கு அது போதும்.

கையில் டெலிபோன் இருக்கிறதே என்பார் உண்டு. டெலிபோனில் நம் கூட்டத்தாருக்குள்தான் பேசிக்கொள்கிறோம். பக்கத்துத் தோட்டத்தான் காதில் அது விழுவதில்லை.

பள்ளத்தாக்கில் அலைவரிசைக்கு இடமில்லை என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். 100 வாட்டுக்கு ஒரு மூலையாவது ஒதுக்கட்டும். சமூக வானொலிக்கென்று தனி உரிமம் வேண்டுமென அடுத்த கிளைக் கூட்டங்களில் தீர்மானம் போடுவோம். மைக் வந்தால் முதல் நாள் என்ன பேசுவது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை: அந்த மாதச் சம்பளத்தில் எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்ற கணக்கு.