அடுப்படிப் பக்கம்: இருபது பேருக்குப் பீன்ஸ் டிப்



மார்கழி மாதம் வந்தால் இங்கு கனடாவில் பல தொழிற்சாலைகளின் சாப்பாட்டு அறையில் ஒரு தாள் ஒட்டுவார்கள். விடுமுறைக்கு முதல் ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவந்து எல்லோரும் பகிர்ந்து உண்ணும் நாளுக்கான தாள் அது. "பொட்லக்" என்பார்கள். பெயருக்கு நேரே என்ன கொண்டுவருவோம் என்று எழுதவேண்டும்.

புதிதாக வந்த எங்களில் பலர் அதைக் கண்டும் காணாதமாதிரிப் போய்விடுவோம். எழுதினாலும் "சோடாப் போத்தல்" அல்லது "பேப்பர்த் தட்டு" என்றுதான் எழுதுவோம். எங்கள் உறைப்பைச் சாப்பிடுவார்களோ, மணக்கிறது என்று முகம் சுளிப்பார்களோ என்ற கூச்சம்தான் காரணம். ஆனால் எந்தப் பகுதியில் ஆள் எடுக்கிறார்கள், பின்னேர ஆங்கில வகுப்பு எங்கே, வாடகைக்கு வீடு எங்கே என்ற கதையெல்லாம் அந்த மேசையில்தான் வரும். சோடாப் போத்தலை வைத்துவிட்டு மூலையில் இருந்தால் அந்தக் கதை எங்கள் காதில் விழாது. சட்டியோடு போனால் "எப்படிச் செய்தாய்?" என்று நாலு பேர் கிட்ட வருவார்கள்.

அதற்கு ஏற்றது பீன்ஸ் டிப். அவித்து மசித்த பீன்ஸின்மேல் சவர் கிறீம், சல்சா, சீஸ் எல்லாம் பரப்பி, சோளச் சிப்ஸால் அள்ளிச் சாப்பிடுவது. மெக்சிக்கோச் சமையலிலிருந்து அமெரிக்காவின் ரெக்சாஸ் பக்கம் வளர்ந்து வந்த சாப்பாடு. எங்களுக்கும் இது முழு அந்நியம் அல்ல. எங்கள் சம்பலில் போடும் மிளகாயும் அந்த அமெரிக்கக் கண்டத்துப் பயிர்தான். போர்த்துக்கேயர் காலத்தில்தான் எங்கள் பக்கம் வந்தது.

தேவையானவை:
பின்ரோ அல்லது சிவப்புக் கிட்னி பீன்ஸ் - 540 மி.லீ. ரின் 3
வெங்காயம் - 2
உள்ளி - 6 பல்லு
நற்சீரகத் தூள் - 2 தேக்கரண்டி
மிளகாய்த்தூள் - 1 தேக்கரண்டி
எண்ணெய் - 4 மேசைக்கரண்டி
தேசிக்காய் - 2
சவர் கிறீம் - 500 மி.லீ.
சல்சா - 2 கப்
துருவிய செடார் சீஸ் - 2 கப்
வெங்காயத்தாள், உப்பு - அளவாக
சோளச் சிப்ஸ் - பெரிய பை 3

செய்முறை:
ரின் பீன்ஸை வடித்துக் கழுவுங்கள். தாச்சியில் எண்ணெய் விட்டு, சிறிதாக வெட்டிய வெங்காயம், உள்ளியைப் பொன்னிறமாக வதக்குங்கள். தூள்களைப் போட்டு ஒரு பிரட்டுப் பிரட்டி, பீன்ஸும் அரைக் கப் தண்ணீரும் சேருங்கள். பத்து நிமிடம் கொதித்ததும் கிழங்கு மசிக்கிறமாதிரி மசியுங்கள். இறக்கி உப்பும் தேசிப்புளியும் விடுங்கள். ஆறினால் இறுகும், ஆகையால் கொஞ்சம் இளக்கமாகவே இறக்குங்கள்.

நன்றாக ஆறியபின் 9க்கு 13 அங்குலத் தட்டில் பரப்புங்கள். அதன்மேல் சவர் கிறீம், பிறகு நீர் வடித்த சல்சா, பிறகு சீஸ், கடைசியில் வெங்காயத்தாள். சூட்டோடு பரப்பினால் கிறீம் உருகித் தண்ணீராகிவிடும். முதல்நாள் இரவே செய்து பிறிஜ்ஜில் வைக்கலாம்.

காய்ந்த பீன்ஸ் வாங்கினால் மலிவு. 2 கப் போதும். ஆனால் இங்கே கவனம் தேவை. சிவப்புக் கிட்னி பீன்ஸில் இயற்கையாகவே ஒரு நச்சு உண்டு. சரியாக வேகாத நாலைந்து விதையே ஒருவரை ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் வாந்தி எடுக்க வைக்கும். இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். அதன்பின் மெதுவாக அவிக்கலாம். பிறஷர் குக்கரும் நல்லது. ஸ்லோ குக்கரில் மட்டும் பச்சையாகப் போடவேண்டாம். அதன் சூடு காணாது. அரைவேக்காடு பச்சையைவிட மோசம். ரின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, பயமில்லை.

இன்னொன்று. மசித்துத் தயாராகவே வரும் ரின்னும் கடையில் உண்டு. அதில் சிலவற்றுக்குப் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பார்கள். ரின்னின் பின்பக்கத்தில் எல், ஏ, ஆர், டி என்ற நாலு எழுத்தும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். மரக்கறிக்காரரும் இஸ்லாமியரும் ஒரே மேசையில் இருப்பார்கள், நம்பித்தான் எடுப்பார்கள். சில சவர் கிறீமில் ஜெலற்றின் இருக்கும், அதையும் பாருங்கள். பால் ஒத்துவராதவருக்கு மசித்த பீன்ஸில் ஒரு கிண்ணம் தனியே எடுத்துவையுங்கள். என்னென்ன போட்டது என்று ஒரு துண்டில் எழுதித் தட்டோடு ஒட்டிவிடுங்கள். எழுத்துப் பிழைத்தாலும் பரவாயில்லை, விளங்கினால் போதும்.

வேலைத்தலத்திலும் சாப்பிடும் நேரம்வரை பிறிஜ்ஜிலேயே இருக்கட்டும். மேசையில் 2 மணித்தியாலத்துக்குமேல் இருந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டாம்.

அக்காமார், தங்கைமார் மட்டுமல்ல, அறை எடுத்துத் தனியே இருக்கும் தம்பிமாரும் செய்யக்கூடிய சாப்பாடு இது. ஒரு அடுப்பும் ஒரு தாச்சியும் போதும். இந்த முறை அந்தத் தாளில் உங்கள் பெயருக்கு நேரே துணிந்து எழுதுங்கள்.